ஒரு றாத்தல் பாண்

"செவ்வாய், காலை ஆறு மணி பத்து. தூறல். பாண் 391 கிராம், சூடு ஆறவில்லை." என் கொப்பியில் உள்ள குறிப்பு இது. அதற்கு மேலே இன்னும் ஒன்பது வரிகள், ஒன்பது காலைகள். ஒன்றுகூட நானூற்றைத் தொடவில்லை. முழுப் பாண் நானூற்றைம்பது கிராம் இருக்க வேண்டும், நிறையைக் கடையில் எழுதி வைக்க வேண்டும் என்று அரசாங்க வர்த்தமானி அறிவித்த பிறகு, கேக் செய்ய வாங்கிய சின்னத் தராசில் நான் நிறுத்துப் பார்த்தவை.

பாண் வாங்கியது தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தின் கோடிக் காம்பிராவில். லிந்துலைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டம் இது. முழங்கால் தேய்ந்து மலை ஏற முடியாமல் போனபின் ஓர் அக்கா தன் முன்னறையைக் கடையாக்கியிருந்தார். டவுன் பேக்கரியிலிருந்து ஆட்டோவில் பாண் வரும். பெரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகிற பெண்கள் அதை வாங்க நிற்கும்போதுதான் தீப்பெட்டியும் சீனியும் விற்கும். கண்ணாடி அலமாரியில் பாண் இல்லாத நாளில் அந்தப் பக்கம் ஆள் திரும்பாது. கடை நின்றது பாணால்தான்.

குறைத்துச் சுட்டது பேக்கரிக்காரர். மழையில் கொழுந்து பறிக்கப் போகிறவளின் சாப்பாட்டில் ஒரு துண்டை அவளுக்குத் தெரியாமல் வெட்டி எடுத்துக்கொள்வது எனக்கு அருவருப்பாக இருந்தது. நிறையும் விலையும் பார்க்கிற மாவட்டக் காரியாலயத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன். பத்து நாள் நிறை, நேரம், பேக்கரியின் பெயர் எல்லாம் எழுதினேன். எதையும் பாதியில் விடும் பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே பாண் வாங்கிய இடத்தையும் எழுதினேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வேன் வந்தது. இரண்டு அதிகாரிகள். பேக்கரியைத் தாண்டித்தான் எங்கள் தோட்டத்துக்கு ஏற வேண்டும். ஆனாலும் அவர்கள் இறங்கியது அக்காவின் வாசலில். நான் சீனி வாங்க நின்றிருந்தேன். ஒருவர் நான்கு பாண்களைத் தராசில் வைத்தார். மற்றவர் சுவரில் இருந்த பலகையைப் படம் எடுத்தார். அக்காவின் மகள் சோக்கட்டியால் எழுதியது: பாண் 1 றாத்தல். அதன் கீழே, அரை றாத்தல்.

தோட்டத்தில் யாரும் ஒரு பாண் கொடுங்கள் என்று கேட்பதில்லை. ஒரு றாத்தல் என்றுதான் கேட்பார்கள். வெள்ளைக்காரன் காலத்து நிறை அது, நானூற்றைம்பது கிராமுக்குச் சற்று மேல். தராசை விட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகிறது. வாயை விட்டுப் போகவில்லை. இப்போது அது நிறை அல்ல, பாணின் பெயர். அதிகாரி அதை நிறையாக எடுத்துக்கொண்டார். கிராமில் எழுதாதது ஒரு குற்றம், றாத்தல் என்று எழுதிவிட்டுக் குறைவாக விற்றது இன்னொரு குற்றம்.

சிங்களத்திலும் அந்தச் சொல் அப்படியேதான் இருக்கிறது. அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், மாத்தயா, உங்கள் வீட்டிலும் பாண் றாத்தல் என்றுதானே கேட்பார்கள் என்றார். அதிகாரி சிரித்தார். ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். சிரித்துக்கொண்டே எழுதி முடித்து, அக்காவால் வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்கினார்.

பிறகு பிளேன்டீ கேட்டார்கள். நிறுத்த பாண்களில் ஒன்றை வெட்டி, கட்டச்சம்பலோடு தின்றார்கள். சட்டப்படி விற்கக் கூடாத பாணை அவர்கள் ருசித்து மென்றார்கள்.

வேன் வளைவில் மறைந்ததும் வரிசையில் நின்ற ஒருத்தி, "அக்கா, இனி நானூத்தம்பது கிராம் குடுங்கன்னு கேக்கணுமாக்கும். கேட்டு முடிக்கறதுக்குள்ள பெரட்டு கலைஞ்சிரும்" என்றாள். சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

நுவரெலியா நீதிமன்றத்துக்கு இரண்டு தடவை பஸ் ஏறித் தண்டம் கட்டினார். அதற்குள் பேக்கரிக்காரர் சரியான நிறையில் சுடத் தொடங்கிவிட்டார். இதையும் நான் நிறுத்துப் பார்த்தேன். ஆனால் லயத்துப் பதினைந்து பாணுக்கு ஆட்டோ அனுப்பினால் கட்டாது என்று அனுப்புவதையே விட்டுவிட்டார். நான் போய்க் கேட்டபோது மாவு விலை, கேஸ் விலை, மின்சாரம் என்று சொன்னார். அவற்றில் பொய் இல்லை. மாவு ஏறுகிற அன்று எந்த அதிகாரியும் வருவதில்லை என்றார். அதிலும் பொய் இல்லை. அத்தனை நாள் தன் நட்டத்தைப் பிறர் வயிற்றில் கழித்ததைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை.

அந்தச் சட்டம் வேண்டாம் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அது இல்லாவிட்டால் பாண் இன்னும் சுருங்கியிருக்கும். ஆனால் சுட்ட கையை விட்டு, எடுத்துக் கொடுத்த கையைப் பிடிக்கிற சட்டத்தைப் பார்த்தால் வெறுப்புத்தான் வருகிறது. பிடிக்க வழி காட்டியது என் கடிதம் என்பது அதைவிட வெறுப்பு.

அக்கா அதை எப்படியோ அறிந்திருந்தார். ஒரு சனிக்கிழமை அலமாரியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"எழுதுனது நீங்கதானா தம்பி?"

ஆமாம் என்றேன்.

"பேக்கரிய எழுதுனீங்க, சரி. என்னைய எதுக்கு எழுதுனீங்க?"

விவரம் முழுதாக இருக்க வேண்டும் என்பதற்காக என்றேன். சொல்லும்போதே அது எவ்வளவு கேவலமான பதில் என்று தெரிந்தது. அக்கா பாண் இருந்த அலமாரியில் சவர்க்காரக் கட்டிகளை அடுக்கினார். இப்போது கடை சாயங்காலம் மட்டும், அதுவும் சில நாள். லயத்துப் பெண்கள் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து ரொட்டி சுடுகிறார்கள். ரொட்டிக்கு நிறை கிடையாது.

அதிகாரிகள் வந்த அன்று வேன் பேக்கரியிலும் நின்றது, பாணை நிறுத்தார்கள், குறையில்லை என்றார்கள் என்பது பேக்கரிக்காரர் பேச்சு. வேன் நிற்கவே இல்லை என்பது அங்கே மாவு பிசைகிறவர் பேச்சு. அன்றைய பதிவின் பிரதி கேட்டுக் காரியாலயத்துக்கு இரண்டு தடவை எழுதிவிட்டேன், பதில் இல்லை. பேக்கரியில் அன்று ஒரு பாணாவது தராசில் ஏறியதா என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதிப்படவில்லை.