ததும்பாத பிளேன்டீ

விளிம்பு வரை ஊற்றிய பிளேன்டீக் கோப்பையைச் சாசரோடு உள்ளங்கையில் ஏந்தி, கண்ணை மூடிக்கொண்டு 'ஸா'வில் நிற்கிறாள் சுதர்சினி. காலை ஐந்தரை மணி. மஹய்யாவயில் வீட்டுக்கு வீடு சுவர் மெலிசு என்பதால் அடுத்த வீட்டுப் பிரேமிளாவுக்கு அலாரமே தேவைப்படுவதில்லை.

இது பத்து வருடப் பழக்கம். கோயில் பஜனையில் ஊறிய குரல் அவளுடையது. ஒரு சுரத்தில் நிறுத்தினால் தானாக அசையும். கையும் சேர்ந்து ஆடும். கட்டுகஸ்தோட்டையில் இந்துஸ்தானி சொல்லிக்கொடுத்த சிங்கள ஆசிரியை, முதல் நாளே "ஹொலவன்ன எபா!" என்று அதட்டினார். ஆட்டாதே என்றால் குரல் கேட்டால்தானே! சரி, முதலில் கையையாவது நிறுத்துவோம் என்று கோப்பையைத் தூக்கினாள். முதல் வருடம் முழுக்கப் பாதித் தேநீரைக் கவுன்தான் குடித்தது.

பகலில் அக்குறணையில் துணிக்கடை வேலை. அளக்கும்போது வாய்க்குள் ஒரு ராகம் ஓடினால் கை தாராளமாகிவிடும். "ஒங்கட ராகத்தோட எங்கட துணியும் நீளுது புள்ள," என்று சிரித்தபடி கத்தரிக்கோலை வாங்கிக்கொள்வார் முதலாளியம்மா ஜஹானா.

போன வருடம் இந்துஸ்தானி இசையில் விஷாரத் பட்டம், முதல் தரத்தில். கொழும்பில் இரண்டு கச்சேரிகள், நல்ல கைதட்டல். ஆனாலும் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் நவராத்திரிக்குச் சொந்தத் தெருக் கோயில் மண்டபத்தில் பாடினாள். பாட்டுக்கு முன் சொல்லில்லாமல் ராகத்தை நிதானமாக விரிக்கும் ஆலாப் எடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "இன்னும் மைக்தான் டெஸ்ட் பண்றாங்க போல. வாங்க, டீ குடிச்சிட்டு வருவோம்," என்று பிரேமிளா எழுந்தாள். மண்டபமே அவள் பின்னால் போய்விட்டது. "கொழும்புல கைதட்டி என்னங்க செய்ய? எங்க ஆளுக உக்காந்து கேக்கணும்," என்பாள் சுதர்சினி.

இந்த நவராத்திரிக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். பயந்துகொண்டேதான் மேடை ஏறினாள். இருந்தும் ஆலாப்பை அவள் சுருக்கவில்லை. யமன் ராகத்தில் காந்தார சுரத்தைத் தொட்டு அப்படியே நின்றாள், துளி அசைவில்லாமல். அந்த நேரம் பார்த்து முன்வரிசைக்குத் தேநீர் வந்தது. பிரேமிளா வாங்கினாள், வாய்க்குக் கொண்டுபோனாள். கை பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்துப் பாட்டு முடிந்தபோதும் பிரேமிளாவின் கோப்பை நிறைந்தே இருந்தது. "ஆறிப்போச்சுடி," என்றாள் அசடு வழிய.

சுதர்சினி மேடையிலிருந்து இறங்கி வந்து, அந்தக் கோப்பையை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.