பாதிப் பந்தியில் எடுத்த இலை

தன்னைத் தேடி வந்த எவரையும் சந்தானம் சோறு போடாமல் அனுப்பியதில்லை. அதை அவரே சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். சொல்லக்கூடாதா என்ன? அரவக்குறிச்சிப் பக்கத்திலிருந்து, நாலாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பட்டான்செருவில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மூட்டை தூக்க வந்த ஆள். இன்றைக்கு ஹைதராபாத்தின் எந்த மூலையில் தமிழர் வீட்டுக் கல்யாணம் என்றாலும் அவருடைய சமையல் வேன்தான் முதலில் போய் நிற்கும். எவன் தயவும் இல்லாமல் வந்த வாழ்வு.

அப்படிப்பட்டவர் காதில், ராமச்சந்திராபுரம் மைதானத்துப் பெண்கள் கபடிப் போட்டிக்கு அரவக்குறிச்சி அணி வந்திருக்கிறது, அரையிறுதிக்கும் போய்விட்டது என்ற சேதி விழுந்தால் சும்மா இருப்பாரா? அன்று சாயங்காலமே மைதானத்துக்குப் போய், பயிற்சியாளர் ரோகிணியைப் பிடித்துக்கொண்டார்.

"நாளைக்கு மத்தியானம் நம்ம எடத்துலதான் சாப்பாடு. மறுபேச்சு கூடாது அம்மிணி."

"நாலு மணிக்கு ஆட்டமுங்கய்யா. புள்ளைங்களுக்கு லேசா ஏதாச்சும்..."

"லேசாவா? நம்மூருப் புள்ளைங்க என் வாசலுக்கு வந்து லேசாச் சாப்பிட்டுப் போறதா? நல்லா இருக்குது உன் நாயம்!"

தகப்பன் வயதுக்காரரிடம் எதிர்த்துப் பேச ரோகிணிக்கு வாய் வரவில்லை. சரியென்று தலையாட்டிவிட்டாள்.

மறுநாள் பட்டான்செருவில் அவருடைய சமையல் கூடத்துக்கு முன்னால் பந்தல் போட்டாயிற்று. பக்கத்துத் தொழிற்சாலை டவுன்ஷிப்பிலிருந்து நாலைந்து தமிழ்க் குடும்பங்களையும் கூப்பிட்டிருந்தார். செய்கிறதை நாலு பேர் பார்க்க வேண்டாமா? தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற சின்னசாமி முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சந்தானத்தின் காலை வாரிவிடுவதென்றால் அவருக்குத் தனிச் சுகம்.

வாழையிலையில் வெள்ளாட்டுக்கறிக் குழம்பு, கோழி வறுவல், ஹைதராபாத் பெருமைக்கு ஒரு கரண்டி பிரியாணி, கடைசியில் இனிப்புக்குக் குபானி மீட்டா என்கிற பாதாமிப் பழப் பாகு. பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். வேலையாட்களை ஒதுக்கிவிட்டுச் சந்தானமே வாளியைப் பிடித்தார். கை ஒரு பக்கம் பரிமாற, வாய் தன் பாட்டுக்கு ஓடியது.

"உங்க வயசுல நான் பட்ட பாடு தெரியுமா? காலையில ஒரு சொம்பு அம்பலி. அதைக் குடிச்சுட்டு ஒத்தை ஆளா ஒரு லாரி மூட்டையை எறக்கிப் போடுவேன். சோளக் கஞ்சி கண்ணுகளா, வெறும் சோளக் கஞ்சி! அந்தப் பசியிலதான் சத்தியம் பண்ணுனேன், என்கிட்ட வந்தவங்க வயிறு காயக்கூடாதுன்னு. ம், சாப்பிடு, இன்னொரு கரண்டி..."

பூர்ணா இலைக்கு மேல் இரண்டு கைகளையும் விரித்து மறைத்துக்கொண்டாள். எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவள் அவள்தான். அணியின் பாதி பலம்.

"போதுமுங்கய்யா."

"என்ன போதும்? காரமா? உப்பில்லையா? எதுல குறைங்கற?"

"ஒரு குறையும் இல்லீங்க. வயிறு முட்ட இருந்தா பாட்டு நிக்காதுங்க. ஒரே மூச்சுல பாடி உள்ள போயி, தொட்டுட்டுத் திரும்பி வரோணும். நீங்களுந்தான் அம்பலி குடிச்சுட்டு மூட்டை தூக்குனேங்கறீங்க. நாங்களும் அப்படித்தானுங்க."

சந்தானத்தின் கரண்டி அந்தரத்தில் நின்றது.

முப்பது வருஷமாக அந்தக் கதையைத் தன் பசியின் கதையாகத்தான் அவர் சொல்லி வந்திருக்கிறார். லாரி காலியாகும்வரை சோற்றில் கை வைக்கவிடாத மேஸ்திரியைப் பாவி என்றுதான் திட்டியிருக்கிறார். ஆனால் ஒருநாள் யார் வீட்டிலோ விசேஷச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு மூட்டைக்கு முதுகு கொடுத்ததும், பலகையில் நாலடி இறங்குவதற்குள் மூச்சு அடைத்து லாரிச் சக்கரத்தோடு சாய்ந்ததும் பொய்யா? அன்றைக்கு மேஸ்திரி திட்டவில்லை. தண்ணீர் தெளித்து, "பாரம் எறங்கட்டும், அப்புறம் தின்னு" என்று மட்டும்தான் சொன்னான். அது நினைப்பில் இருந்தது. இதுவரை வாயில் வந்ததில்லை.

வரிசையைப் பார்த்தார். பெண்கள் தின்றுகொண்டுதான் இருந்தார்கள். பசியால் இல்லை, அவர் நிற்கிறாரே என்று. ஒருத்திக்கு மேலுதட்டில் வியர்த்திருந்தது. ரோகிணி பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்துகொண்டிருந்தாள். அவர் நிறுத்தினால் ஒழிய அவர்கள் நிறுத்த மாட்டார்கள்.

போதும் என்று சாப்பிடுகிறவர் சொல்லலாம், போடுகிறவன் சொல்லலாமா? உண்கிறவர் முன்னாலிருந்து இலையை எடுப்பது பாவம் என்று கேட்டு வளர்ந்த உடம்பு. அதிலும் சின்னசாமி கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னப்பா சந்தானம், கரண்டி நின்னுபோச்சு? சரக்கு தீந்துருச்சா?"

"அண்டா நெறையக் கெடக்குது. வந்து எட்டிப் பாரும்" என்றார் சந்தானம். பிறகு குனிந்து, பூர்ணாவின் இலையைத் தன் கையாலேயே மடித்து எடுத்தார். "எந்திரிங்க கண்ணுகளா. கை கழுவுங்க."

பெண்கள் எழுந்து கை கழுவப் போனார்கள். எச்சில் இலைகள் அத்தனையையும் அவரே எடுத்தார். வேலையாட்கள் ஓடிவந்தபோது, "நக்கோ, ஹட்டோ" என்று ஊர் உருதுவில் அதட்டி விலக்கினார்.

நாலு மணி ஆட்டத்தில் கயிற்றை ஒட்டிக் குந்தி உட்கார்ந்திருந்தார். கடைசி நிமிஷம், இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது நம் அணி. பூர்ணா பாடிக்கொண்டு உள்ளே போனாள். சந்தானமும் கூடவே மூச்சைப் பிடித்தார். அவர் மூச்சு விட்டுப்போனது. அவள் பாட்டு அறுபடவில்லை. திரும்பிப் பாய்ந்தவளின் கணுக்காலை ஒருத்தி கவ்விக்கொண்டாள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருந்தது. அத்தோடு ஆட்டம் போயிற்று.

டவுன்ஷிப் முழுக்கப் பேச்சு. கூப்பிட்டு வைத்துப் பாதிப் பந்தியில் இலையைப் பிடுங்கினானாமே! சந்தானம் அசரவில்லை. "போடறதுக்கு ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். எடுக்கறதுக்கு நெஞ்சு வேணுமய்யா. அந்தப் புள்ளை மூச்சுல தோக்கலே, பிடியில தோத்துச்சு" என்று சின்னசாமியிடமே மார்தட்டினார்.

ஆனால் அணியை ரயிலேற்ற ஸ்டேஷனுக்குப் போனபோது, ரோகிணியைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"நெசமாச் சொல்லு அம்மிணி. இலையை இன்னுங் கொஞ்சம் முன்னாடியே எடுத்திருந்தா, அந்த ஒரு சாண்..."

ரோகிணி பெட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"கறிக்குழம்பு எங்க அம்மா வெச்ச மாதிரியே இருந்துச்சுங்கய்யா" என்றாள்.