தோற்றுப்போக ஓர் ஆள்

ஹம்பேர்க்கில் நான் வேலை செய்த உணவகச் சமையலறையில் எனக்குப் பக்கத்தில் நின்று காய்கறி வெட்டியவர் ஒரு வியட்நாம்காரப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். உயரம் என் நெஞ்சுவரைதான். வாயைத் திறந்தால் தலைமைச் சமையல்காரரே அடங்கிப்போவார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலம். தங்கள் புதுவருட விழாவுக்கென்று அக்கா ஒரு நாடகம் எழுதியிருந்தார். சுமார் அறுநூறு வருடங்களுக்கு முன்பு வியட்நாமைப் பிடித்து வைத்திருந்த சீனப் படையோடு, மலைநாட்டுப் பண்ணையார் ஒருவர் பத்து வருடம் மல்லுக்கட்டி, விரட்டி, அரசரான கதை. அரசர் வேஷம் அக்காவுக்கே. காகித யானைகூடத் தயார். சீனத் தளபதிக்குத்தான் ஆளில்லை.

புதுவருட முதல் நாளில் என்ன நடக்கிறதோ அதுவே வருடம் முழுக்க நடக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. அன்றைக்குப் பார்த்து மேடையில் மண்டியிட்டுத் தோற்க யாருக்கு மனம் வரும்? ஆள் கிடைக்காவிட்டால் நாடகமே வேண்டாம் என்று விழா நடத்தும் சங்கத்தார் சொல்லிவிட்டார்களாம். அக்காவின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

“எங்களுக்குச் சித்திரையில்தான் வருடம் பிறக்கும். நான் தோற்கிறேன்” என்றேன்.

வீட்டில் மனைவி தலையில் கைவைத்தாள். “உங்களுக்கென்ன விசரோ? சீனாக்காரனாய் ஆடவோ லீவு எடுக்கிறியள்?”

“சும்மா ஆளில்லையப்பா, தளபதி!”

உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசை. மன்னாரில் எங்கள் கோயில் கூத்தில் எனக்குக் கிடைத்ததெல்லாம் சேவகன் வேஷம். அரசர்கள் வரவுப்பாட்டுப் பாடி மேடையைச் சுற்றி ஆடிவருவார்கள். நான் ஈட்டியோடு ஓரமாக நிற்பேன். அந்த எரிச்சல் ஹம்பேர்க் வரைக்கும் கூடவே வந்திருந்தது.

விழா அன்று தேவாலய மண்டபம் நிரம்பி வழிந்தது. மனைவியும் வந்திருந்தாள். எனக்கு ஜெர்மன் மொழியில் மூன்றே வசனம். மேளம் அடித்ததும் கால் தானாக எழும்பிற்று. பாட்டும் வந்துவிட்டது, தமிழில்! எங்கள் கூத்தில் பொல்லாத அரசனுக்குத்தான் ஆட்டம் அதிகம். சனம் கைதட்டத் தட்ட நானும் சுற்றிச் சுற்றி வந்தேன். என் படை எப்போதோ சரணடைந்துவிட்டது. நான் இன்னும் ஆடிக்கொண்டிருந்தேன்.

அரசர் வாளோடு காத்து நின்றார். அவர் கண்ணில் நீர் முட்டியதைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. தோற்கிறேன் என்று வந்தவன் அவருடைய நாடகத்தையே விழுங்கிக்கொண்டிருந்தேன். வெட்கமாகப் போயிற்று. பொத்தென்று மண்டியிட்டேன். மண்டபம் அதிர்ந்தது, இந்தத் தடவை அரசருக்காக.

அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஒத்திகையில் கடைசிக் காட்சிக்கு முன்பே நான் வேலைக்கு ஓடிவிடுவேன். எப்படியும் தலைதான் போகும் என்று கழுத்தை நீட்டினேன்.

அக்கா வாளைக் கீழே வைத்தார்.

“எழுந்திரு. உன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போ. படகு தருகிறேன், குதிரை தருகிறேன். வழியில் இதைச் சாப்பிடு.”

இலையில் கட்டிய பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். அந்த அரசர் உண்மையிலேயே தோற்ற படையைப் படகும் குதிரையும் கொடுத்துத்தான் அனுப்பினாராம். சாப்பாட்டுப் பொட்டலம் அக்கா சேர்த்தது. தன் நாட்டைவிட்டுப் படகில் தப்பி வந்தபோது நடுக்கடலில் பட்டினி கிடந்தவர் அவர்.

நாடகப் பொட்டலம்தானே, உள்ளே காகிதம் இருக்கும் என்று நினைத்தேன். கனத்தது. பயறும் இறைச்சியும் வைத்து அவித்த சோறு.

ஊருக்குப் போ என்று எனக்கும் அகதி அலுவலகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவரும் சோறு கட்டித் தந்ததில்லை.

வீடு திரும்பும்போது, எஸ்-பான் ரயிலில் தளபதி மீசையைக் கலைக்காமலே பொட்டலத்தைப் பிரித்தேன். அழுகையும் வந்தது, பசியும் வந்தது.

“எனக்கும் கொஞ்சம் தாங்கோவன்” என்றாள் மனைவி.

“ஏலாது. இது தோத்தவனுக்குக் குடுத்தது.”