நெரிசலில் என் கணவர்

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால் திருவொற்றியூரே திட்டும். நான் மட்டும் சந்தோஷமாக உலை வைப்பேன். என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் வரிசை எங்கள் தெருமுனை வழியாகத்தான் ஊர்ந்து போகும். அவர் வண்டியை விட்டு இறங்க முடியாது. அதனால் நான் சோற்றை எடுத்துக்கொண்டு போய் கேபினில் ஏறி உட்கார்ந்துகொள்வேன். எங்கள் குடித்தனம் பாதி அங்கேதான் நடந்தது.

"இன்னாமே, கொயம்புல புளி தூக்கலா கீது" என்பார். சொல்லிக்கொண்டே வழித்துத் தின்பார்.

சாயங்காலம் வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். ஒருநாள் சுருள் விண்மீன் மண்டலத்தின் படத்தில் நடுவிலிருந்து வளைந்து நீளும் கைகளைப் பார்த்து ஒரு பெண் கேட்டாள். "மிஸ், இந்தக் கையில கீற ஸ்டாரெல்லாம் எப்பவும் அங்கியேதான் கீதா?"

இல்லை என்றேன். அப்படி இருந்தால், உள்ளே இருப்பவை சீக்கிரம் சுற்றிவர, வெளியே இருப்பவை பின்தங்க, கைகள் நூல்கண்டுபோல் இறுகிப்போகும். கை என்பது ஒரு நெரிசல். நட்சத்திரம் தன் பாதையில் வந்து அதற்குள் நுழையும், கொஞ்சம் தாமதிக்கும், வெளியேறும். பின்னால் வேறொன்று வரும். இருபது கோடி ஆண்டுகளுக்கு மேல் எடுத்து ஒரு சுற்று வரும் நம் சூரியனும் அப்படித்தான். சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே சாலையைக் காட்டினேன். பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

பிறகு துறைமுகத்தில் ஏதோ புது ஏற்பாடு வந்தது. வண்டிகளுக்கு முன்கூட்டியே நேரம் கொடுத்தார்கள். வரிசை கரைந்தது. தெருவே நிம்மதியாக மூச்சு விட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஊர் நன்றாக இருப்பது பொறுக்காத ஒரே பொம்பளை நானாகத்தான் இருப்பேன்.

அவருக்கு நடைகள் கூடின. வீட்டுக்குத் தூங்க மட்டும் வந்தார். தனியாக உட்கார்ந்து சாப்பிட எனக்கு மனசு வருவதில்லை. அடுப்படியில் நின்றபடி இரண்டு வாய் போட்டுக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் அவர் வரும் நேரம் தெரிந்து, கேரியரோடு சாலையோரம் போய் நின்றேன். வண்டி வந்தது. கை காட்டினேன். அவர் பார்வை நேரே சாலையில் இருந்தது. தூசு அடங்கும்வரை அங்கேயே நின்றேன்.

துறைமுகத்துக்குள் போய்ச் சேர்ந்ததும் போன் செய்தார். குரலில் அத்தனை குஷி.

"ஒரு எடத்துலகூட நிக்கலமே! நம்ம தெருமுனை எப்ப தாண்டுச்சின்னே தெர்ல."

"நல்லதாப் போச்சு" என்றேன்.