தொட்டிலில் அக்கா சொன்ன பெயர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் எல்லோரும் அக்காவை அறிந்தவர்கள். சிலருக்குப் பெரியம்மா, சிலருக்கு அத்தை, சிலருக்குத் தெருவில் பார்த்தால் சிரிக்கிற ஓர் அம்மா. எனக்கு அக்கா.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். தறியில் பாவு ஏற்றிய நாள், மழை பெய்த நாள், நூலகத்தில் புத்தகம் எடுத்த நாள், எல்லாவற்றுக்கும் தேதி போட்டு வைத்திருக்கிறேன். அக்கா பிறந்த தேதி மட்டும் என்னிடம் இல்லை. எங்கள் அம்மாவின் தாய்வீடான தாமலில், ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்த ஓர் ஐப்பசியில் பிறந்தார். "தண்ணி சத்தத்துல நீ அழுததே கேக்கலடி" என்று அம்மா சொல்லிச் சிரிப்பார்களாம். அதற்கு மேல் யாரும் எழுதி வைக்கவில்லை.

பதினாறு வயதில் வாலாஜாபாத்தில் வாழ்க்கைப்பட்டார். அத்தானுக்கு அரிசி ஆலையில் வேலை. இரண்டாம் வருடமே காய்ச்சலில் அத்தான் போய்விட்டார். ஒரு தகரப் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்கிய அக்காவுக்கு அப்போது வயது பதினெட்டு. அடுத்த இரண்டு ஆண்டில் அம்மாவும் போக, பன்னிரண்டு வயதான எனக்கு அக்காவே எல்லாமும் ஆனார். அப்பாவின் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராட்டினத்தைச் சுற்றி, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சிகளில் பட்டு நூலை ஏற்றிக் கொடுப்பார். அந்த ராட்டினத்தின் கிறீச் சத்தத்தில்தான் நான் பள்ளிப் பாடம் படித்தேன். பின்னாளில் நெசவாளர் சங்கத்தில் எழுத்தர் வேலைக்குப் போனதும் அதனால்தான்.

இனி எழுதப்போவது எனக்குப் பெருமை தருவதல்ல. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

எங்கள் வழக்கத்தில் குழந்தையைத் தொட்டிலில் இட்டு, காதில் மூன்று முறை பெயரைச் சொல்ல வேண்டியவர் அப்பாவின் உடன்பிறந்தாள். எனக்கு உடன்பிறந்தவர் அக்கா ஒருவர்தான். என் மூத்த மகளுக்குப் பெயரிட்ட அன்று, தாலி இல்லாதவர் தொட்டிலைத் தொடக் கூடாது என்று என் மாமியார் சொன்னார். அவருடைய ஒன்றுவிட்ட தங்கை அந்த இடத்தில் நின்றார். அக்கா தறி அறையில் தார் சுற்றிக்கொண்டிருந்தார். குழந்தையின் காதருகே அந்த அம்மாள் குனிந்தபோது ராட்டினச் சத்தம் நின்றது. மூன்று முறை பெயரைச் சொல்கிற நேரம் நின்றது. பிறகு மறுபடியும் சுற்றத் தொடங்கியது. நான் குழந்தையின் தகப்பன். வாயைத் திறக்கவில்லை. அன்றைய நாட்குறிப்பில் வந்தவர்கள் பெயரை எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். அக்கா பெயர் அதில் இல்லை.

நான்கு வருடம் கழித்து எங்கள் எதிர்வீட்டுக்கு ஒரு கணவனும் மனைவியும் குடிவந்தார்கள். டேவிட், தந்தி அலுவலக ஊழியர். கொங்கண் கரைப் பக்கத்து யூதர். தமிழில் பத்துச் சொல் தெரியும். அதில் ஒன்று 'அக்கா'. மனைவி எஸ்தர், சென்னை ராயபுரத்தில் வளர்ந்தவர். பேச்சில் நம்மை எல்லாம் தோற்கடிப்பார்.

தெருவில் முதல் வாரம் முழுக்க அதே பேச்சு.

"யூதருன்னா யாருப்பா? வேதக்காரங்களா, சர்ச்சுக்குப் போறவங்களா?" என்று என் மாமியார் கேட்டார்.

"இல்லைங்க. அவங்களுக்கும் முன்னாடி இருந்தவங்க" என்றேன்.

"அவ்ளோ வயசு ஆனவங்க மாதிரி தெரியலையே!" என்றார் அக்கா. மாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எஸ்தர் அப்போது நிறைமாதம். டேவிட்டின் தாய் தகப்பன் அவருடைய சிறு வயதிலேயே தவறிவிட்டார்கள். ஒரே தங்கை இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார். தங்கையின் கடிதம் ஒன்றை எஸ்தர் அக்காவுக்குப் படித்துக் காட்டினார். அவர்கள் வழக்கத்திலும் பெண் குழந்தைக்குப் பன்னிரண்டாம் நாள் தொட்டில். பெயர் சொல்வது அப்பாவின் தங்கை. 'என்னால் வர முடியாது. எனக்குப் பதிலாக அண்ணன் மனசுக்கு நெருக்கமான ஒருவரை நிற்க வையுங்கள்' என்று எழுதியிருந்தாராம்.

"நீங்கதான் நிக்கணும்க்கா" என்றார் எஸ்தர்.

அக்கா எழுந்துகொண்டார். வீட்டுக்கு வந்து என்னிடம், "அந்தப் பொண்ணுக்குத் தெரியாம கேக்குது. தெரிஞ்சா கேக்குமா?" என்றார். ஆனால் அன்று மாலை தார் சுற்றும்போது ஏதோ பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டிருந்தார். அக்கா பாடி நான் அதுவரை கேட்டதில்லை.

தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. டேவிட் வேலையில் இருந்தபோது வலி எடுத்தது. அக்காதான் ரிக்‌ஷாவில் ஏற்றி அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். விளக்கு வைத்துச் சற்று நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது. பின்னாலேயே போயிருந்த நான் மருத்துவமனைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் எஸ்தருக்கு வெந்நீர் வைத்து, துணி துவைத்து, பத்தியச் சோறு கொடுத்தவர் அக்கா.

குழந்தைக்கு என்ன பெயர் என்று தெருவே கேட்டது. எஸ்தர் சொல்லவில்லை. தொட்டிலுக்கு முன்னால் பெயரை வெளியே விடக் கூடாதாம். வீட்டில் கூப்பிடும் பெயர் எதுவாகவும் இருக்கலாம். ஆனால் எபிரேயப் பெயர் ஒன்று வேண்டும், கல்யாணத்திலும் பிரார்த்தனையிலும் கடைசியில் கல்லறையிலும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள் என்று டேவிட் எனக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அந்தப் பெயரோடு தகப்பன் பெயரும் சேர்ந்து வருமாம், இன்னாரின் மகள் என்று. எனக்கு இதெல்லாம் மிகவும் பிடித்திருந்தது. ஒரு தாள் முழுக்க எழுதி வைத்தேன்.

பன்னிரண்டாம் நாள் எது என்று கணக்குப் போட்டவனும் நான்தான். யாரும் கேட்கவில்லை. செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு என்று எண்ணிச் சனிக்கிழமை என்று அக்காவிடமும் தெருவிலும் சொன்னேன். டேவிட்டிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. தேதி விஷயத்தில் என்னை யாரும் திருத்தியதில்லை.

சனிக்கிழமை காலை அக்கா தலைக்குக் குளித்து, பெட்டியின் அடியிலிருந்த வெளிர்நீலப் புடவையை உடுத்திக்கொண்டார். அத்தான் போன பிறகு அது வெளிச்சத்தைக் கண்டதே இல்லை. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக வெளுத்திருந்தது. தெருவைக் கடந்து போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். எதிர்வீட்டில் கோலம் இல்லை. அடுப்புப் புகை இல்லை. கதவு ஒருக்களித்திருந்தது. டேவிட் வந்து, உள்ளே தூங்குகிறார்கள் என்பதுபோல் உதட்டில் விரலை வைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்:

"இன்னிக்கு இல்லை, அக்கா."

அவ்வளவுதான். அக்கா திரும்பி வந்தார். வருகிற வழியில் எதையும் பார்க்கவில்லை.

"நான் அப்பவே சொல்லல? எந்த ஊரா இருந்தா என்ன, தொட்டில்னா தொட்டில்தான்" என்றார் என் மாமியார்.

"சும்மா இரும்மா" என்றாள் என் மனைவி. தன் தாயிடம் அவள் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அக்கா புடவையை மாற்றிக்கொண்டு ராட்டினத்தின் முன் உட்கார்ந்தார். "யாரோ சொல்லியிருப்பாங்க. சொல்றவங்க சொல்லத்தான் செய்வாங்க" என்றார். அன்று அவர் சுற்றிய தார் ஒவ்வொன்றும் தளர்ந்து போயிருந்தது என்று அப்பா பிறகு சொன்னார்.

மத்தியானம் நான் டேவிட்டிடம் சண்டைக்கே போனேன். அவர் திகைத்துப்போய் ஒரு சின்ன நாட்காட்டியை எடுத்துக் காட்டினார். அவர்களுக்கு நாள் தொடங்குவது மாலையில். சூரியன் மறைந்தால் அடுத்த நாள். செவ்வாய் விளக்கு வைத்த பிறகு பிறந்த குழந்தைக்கு முதல் நாள் புதன். நம் கணக்கில் பன்னிரண்டு என்றால் அவர்கள் கணக்கில் பதினொன்று. தவிர சனிக்கிழமை ஓய்வு நாள். அடுப்பு மூட்ட மாட்டார்கள். 'நாளை' என்று சொல்ல நினைத்தாராம், தமிழ்ச் சொல் நினைவுக்கு வரவில்லையாம்.

ஓடிவந்து அக்காவிடம் சொன்னேன்.

"நீ என் மனசு நோவக் கூடாதுன்னு சொல்ற, தம்பி" என்றார். ராட்டினம் நிற்கவில்லை.

"இல்லக்கா, நான் போட்ட கணக்கு தப்பு."

"நீ என்னிக்கு கணக்கு தப்பா போட்ட?"

நான் வாசலுக்குப் போய் உட்கார்ந்தேன்.

அன்றைய மாலை இன்னும் எனக்குக் கனவுபோலத்தான் இருக்கிறது. தெருவில் உலர்த்தியிருந்த சாயமேற்றிய பட்டு நூலை எடுத்துவிட்டார்கள். கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. வானம் மயில் கழுத்து நிறத்திலிருந்து மெல்ல மெல்லக் கறுத்தது. எதிர்வீட்டு வாசலில் டேவிட் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். நானும் என்னவென்று தெரியாமலே பார்த்தேன். ஒரு நட்சத்திரம் வந்தது. வெகுநேரம் அது மட்டும் இருந்தது. பிறகு கோபுரத்துக்கு மேலே இன்னொன்று. மூன்றாவதை அவர் கை நீட்டிக் காட்டிய பிறகுதான் நான் பார்த்தேன்.

அவர் உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். எஸ்தர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். பிள்ளை பெற்றவள் பன்னிரண்டு நாளுக்குள் வாசல் தாண்டி வருவதைத் தெரு அப்போதுதான் பார்க்கிறது.

நேராகத் தறி அறைக்குப் போனார். "என்னக்கா, கோபமா?"

அக்கா பதறி எழுந்தார். "அய்யோ, பச்ச ஒடம்புக்காரி, காத்துல வந்துக்கினு... நாளைக்குன்னு தம்பி சொல்லிச்சே."

"எங்களுக்கு இப்பவே நாளைக்கு ஆயிடுச்சுக்கா. மூணு நட்சத்திரம் வந்துட்டுது. வாங்க."

அக்கா குரலைத் தாழ்த்தினார். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன், கேட்டது. "நான் எப்படிப்பட்டவள்னு உனக்குத் தெரியுமாம்மா?"

"பதினோரு நாளா என் துணிய துவைச்சிக்கினு இருக்கீங்க. உங்க கழுத்த நான் பாக்கலியா? நானும் மெட்ராஸ்ல வளந்தவதான்க்கா. இங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியும்." குழந்தையை அக்கா கையில் கொடுத்தார். "எங்க வீட்டுக்காரரை வளத்தது அவரோட அத்தை. இருபது வயசுல புருஷன் போயிட்டாரு. இவரை வளத்து, படிக்க வச்சு, போன வருஷம் அவங்களும் போயிட்டாங்க. அவங்க பேரத்தான் இவளுக்கு வைக்கறோம். போனவங்க பேர புள்ளைக்கு வெச்சா அவங்க நல்லதெல்லாம் கூடவே வரும்னு எங்க நம்பிக்கை."

"புருஷன் இல்லாதவங்க பேரயா வைக்கறீங்க?"

"அந்தப் பேருக்காகத்தான் இவரு இவ்ளோ நாள் காத்திருந்தாரு."

ராட்டினம் எப்போதோ நின்றிருந்தது. அன்று அது மறுபடி சுற்றவில்லை.

அக்கா நீலப் புடவைக்குக் கூட மாறவில்லை. நூல் பிசிறு ஒட்டியிருந்த அதே புடவையோடு போனார். நானும் மனைவியும் பின்னால் போனோம். அவலில் வெல்லமும் தேங்காயும் பிசைந்து, வாழைப்பழம் நறுக்கி ஒரு தட்டு நிறைய வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டுத் தொட்டில்தான். இரண்டு நாள் முன்பே இரவல் வாங்கிப் போயிருந்தார் டேவிட். தலையில் குல்லா அணிந்து, எனக்குப் புரியாத மொழியில் நீளமாக ஒரு பிரார்த்தனை பாடினார். பத்து ஆண்கள் கூடிப் பாட வேண்டியதாம். அவர் ஒருவரே பாடினார். அந்த ராகம் ஏறி இறங்கி, முடியாமல் மிதந்துகொண்டே இருந்தது.

பிறகு எஸ்தர் அக்காவின் காதில் பெயரைச் சொன்னார். அக்காவின் உதடு அதைச் சத்தமில்லாமல் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தது. குழந்தையைத் தொட்டிலில் இட்டுக் குனிந்தார். மூன்று முறை. நிமிர்ந்தபோது டேவிட் அழுதுகொண்டிருந்தார்.

"சரியா சொன்னனா?" என்று அக்கா பயந்துபோய்க் கேட்டார்.

"ரொம்ப சரி, அக்கா" என்றார் டேவிட். ஷோஷனா என்பதுதான் பெயர். அது ஒரு பூவின் பெயராம்.

அடுத்த ஆண்டு எங்களுக்கு இரண்டாவது மகள் பிறந்தாள். "அண்ணிதான் பேர் சொல்லணும். இல்லன்னா தொட்டிலே வாணாம்" என்றாள் என் மனைவி. மாமியார் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, அவரே போய் அக்காவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அதன் பிறகு நம் உறவில் பதினோரு குழந்தைகளுக்கு அக்கா பெயர் சொல்லியிருக்கிறார். எல்லாத் தேதியும் என்னிடம் இருக்கிறது.

டேவிட் குடும்பம் பின்னர் இஸ்ரேல் போய்விட்டது. கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சென்ற ஆண்டு மாசியில், ஒரு வியாழக்கிழமை விளக்கு வைத்த பிறகு, அக்கா தூக்கத்திலேயே பிரிந்தார். எஸ்தருக்கு எழுதினேன். இறந்த நாள் தொடங்கும் மாலையில் ஆண்டுதோறும் விளக்கேற்ற வேண்டும், எந்த மாலை என்று கேட்டார். பிரார்த்தனையில் இன்னாரின் மகள் என்று சொல்ல வேண்டும் என்பதால் எங்கள் பெற்றோர் பெயரையும் கேட்டார். இந்த முறை கணக்கில் தவறவில்லை: நமக்கு வியாழன், உங்களுக்கு வெள்ளி என்று எழுதி அனுப்பினேன்.

கடைசி நாட்களில் வீடு தேடி வந்து பார்த்த மருத்துவருக்கும், இரவும் பகலும் மாறி மாறி உட்கார்ந்திருந்த தெருவினருக்கும், தாமலிலிருந்து இளநீர் கொண்டுவந்த உறவினர்களுக்கும், அக்காவுக்காகத் தறியை மூன்று நாள் நிறுத்தி வைத்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வெளிநாட்டில் விளக்கேற்றுகிற எஸ்தருக்கும் டேவிட்டுக்கும் ஷோஷனாவுக்கும் கடமைப்பட்டிருக்கிறது.

கடைசியாக என் மூத்த மகளுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்கா படுக்கையில் இருந்தபோது ஒரு மாலை அவள் அருகே போய் மண்டியிட்டாள். "அத்தை, எல்லாருக்கும் பேர் சொன்னீங்க. எனக்கு மட்டும் சொல்லல" என்றாள்.

"பதினாறு வயசு ஆயிடுச்சேம்மா, இப்ப போயா?" என்று சிரித்தார் அக்கா.

"இப்பதான் சொல்லுங்க."

அவள் தலையைச் சாய்த்துத் தன் காதை அக்காவின் வாயருகே வைத்தாள். அக்காவின் உதடு மூன்று முறை அசைந்தது. நான் வாசற்படியில் நின்றேன். அன்றைய நாட்குறிப்பில் இதை எழுதியிருக்கிறேன். என்ன நேரம் என்று மட்டும் பார்க்கவில்லை.