ஆறு பானையில் ஒன்றுதான் சூனியமாம்

தம்பிராசா முதலாளி, என் மச்சாள் ராணியின் தலையை மொட்டையடிக்கச் சொன்னது நீர்தான். கத்தி பிடித்தவன் சூனியம் எடுக்கிற கட்டாடி. அவளுடைய கையைப் பிடித்தவர்கள் ஊர்ப் பெண்கள். சொன்னவர் நீர். குச்சவெளிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

செய்தி கிடைத்த மறுநாள் தையல் மிஷினை மூடிவிட்டு, காலை ஆறே முக்காலுக்குத் திருகோணமலை பஸ் நிலையத்தில் நின்றேன். குச்சவெளிக்கு இருபத்தொரு மைல். கட்டணம் ஒரு ரூபாய் பத்துச் சதம். கையில் ராணிக்குச் சாப்பிட இரண்டு இறாத்தல் பாணும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் இருந்தன. துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. ஏழு மணிக்குப் பஸ் எடுத்தார்கள்.

உப்புவெளி கழிந்ததும் கடல் தெரியத் தொடங்கியது. எனக்கு அதைப் பார்க்க மனமில்லை. உண்மையைச் சொல்கிறேன், ராணிமேல் எனக்கு எப்போதும் பொறாமை. புருஷன் விட்டுவிட்டுப் போனபோது அவள் அழிந்துபோவாள் என்று நினைத்தேன். அவள் அழியவில்லை. நீர்கொழும்பிலிருந்து சோளகக் காற்றுக் காலத்தில் வந்து கரையில் வாடிக் கொட்டில் போடுகிற மீன்காரரிடம் ஜாடி மீன் போடப் பழகினாள். மீனை வெட்டி, உப்பும் காய்ந்து கறுத்த கொறுக்காப்புளியும் அடுக்கடுக்காய்ப் போட்டு, பானையை வாய்கட்டி நிழல் மண்ணில் புதைத்து வைப்பாள். ஒரு மாதத்துக்குப் பிறகு எடுத்தால் ஊரே மணக்கும். அதில் சைக்கிள் வாங்கினாள். பெண்பிள்ளை சைக்கிளில் சந்தைக்குப் போனாள்! நான் இன்னும் வாடகை மிஷினில் மற்றவர்களின் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறேன். பானை வாய்கட்ட வெட்டுத்துணி கேட்டு அவள் ஆள் அனுப்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எரிந்துகொண்டேதான் கொடுத்தனுப்பினேன்.

எட்டே காலுக்கு, நிலாவெளிக்கு அப்பால், டயர் வெடித்தது. எல்லாரும் இறங்கினோம்.

"எங்க அக்கா போறியள்?" என்று கொண்டக்டர் கேட்டான்.

"குச்சவெளிக்கு. ராணி வீட்ட."

"ஐயோ, அந்த மொட்டைச்சியிட்டயோ! அதுதான் டயர் வெடிச்சுது."

நின்றவர்கள் சிரித்தார்கள்.

"டயரில நூல் தெரியுது தம்பி," என்றேன். "போன வருஷமே மாத்தியிருக்க வேணும். அதுக்கும் அவளோ பொறுப்பு?"

மீன்கூடையோடு நின்ற ஒரு மனுசி மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "சத்தமாக் கதையாதீங்க. அடுத்தது உங்களைச் சொல்லுவாங்கள்."

பத்தே முக்காலுக்குக் குச்சவெளி. வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாகக் கால் மைல் மணலில் நடந்தேன். ராணி முற்றத்தில் முருங்கையின் கீழ் இருந்தாள். தலையில் துவாய். முதுகில் புளியங்கம்பால் அடித்த காயங்கள் இன்னும் ஆறவில்லை.

"வா மச்சாள். பார், உனக்கு எண்ணெய்ச் செலவு, எனக்கு அதுவும் மிச்சம்," என்றாள். நான் கொண்டுபோன போத்தலைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. அந்த நிலையிலும் பகிடி விடுகிறாளே என்று அதிலும் ஒரு பொறாமை.

நடந்ததை அவளே சொன்னாள். உம்முடைய கரைவலை ஒரு மாதமாய் வெறுமையாக வந்தது. வாடிக்காரரின் வலையில் மீன் விழுந்தது. அந்த மீனை ராணி வாங்கினாள். நீர் கட்டாடியைக் கூட்டி வந்தீர். அவன் உடுக்கு அடித்து, அவள் வளவில் சூனியம் புதைந்திருக்கிறது என்றான். தோண்டினால் பானை வரத்தானே செய்யும்? உள்ளே கறுத்துச் சுருண்ட கொறுக்காப்புளியைப் பார்த்து, "மனுச விரல்" என்று கத்தினான். அவளைச் சமைக்கிற குசினியில் அடைத்தார்கள். பிறகு வெளியே இழுத்துவந்து, அந்தப் பானையை அவள் கண்முன் எரித்து, அடித்து, தலையை வழித்தார்கள்.

பக்கத்து வீட்டுப் பூமணி வேலிக்கு அப்பால் நின்றாள். அன்று கையைப் பிடித்தவர்களில் அவளும் ஒருத்தி.

"கொறுக்காப்புளி எண்டு உனக்குத் தெரியாதோ? நீ இவளிட்ட வாங்கித் திண்டனிதானே?" என்று கேட்டேன்.

"தெரியும்," என்றாள். கொஞ்ச நேரம் வேலி ஓலையைப் பிய்த்தாள். "என்ர மனுசன் முதலாளியின்ர வலையிலதான் வேலைக்கு நிக்கிறார். நான் பிடிக்காட்டி என்னைப் பிடிச்சிருப்பாங்கள். அதோட… அவளின்ர சைக்கிள் மணி கேட்டா எனக்கு ஏலாது அக்கா. நெஞ்சுக்க ஏதோ செய்யும்."

என் நெஞ்சிலும் அதே மணிதான் அடித்தது. ஆம்பிளையின் கையில் நாலு காசு சேர்ந்தால் ராசிக்காரன் என்கிறார்கள். பெண்ணிடம் சேர்ந்தால் சூனியக்காரி. இதை ஆண்கள் தொடங்கினார்கள் என்றாலும் எங்கள் பொறாமையை வைத்துத்தான் முடித்தார்கள்.

புறப்படும்போது ராணி என் கையைப் பிடித்தாள். "மச்சாள், எனக்கு ஆரும் மன்னிப்புக் கேக்க வேண்டாம். ஆறு பானை புதைச்சனான். ஒண்டைத்தான் எரிச்சாங்கள். மற்ற ஐஞ்சையும் கடலில போட்டதாம். கடலில போட்டிருந்தா கரையில ஒரு பானை ஓடாவது ஒதுங்காதோ? அதை மட்டும் அறிஞ்சு சொல்லு. அந்தப் பானையள் இருந்தாத்தான் நான் இந்த ஊரில திரும்பத் தொடங்கலாம்."

மூன்று மணி பஸ்ஸில் ஏறினேன். நகரத்துக்கு வந்துசேர ஆறு மணி.

அடுத்த நாள் காலை சந்தைக்குப் போனேன். கருவாட்டுக் கடையொன்றில் ஐந்து பானைகள் வரிசையாக இருந்தன. வாய்கட்டிய துணி மஞ்சள் சீத்தை, அதில் பச்சைப் பூ. சித்திரை வருஷப்பிறப்புக்கு நான் தைத்த சட்டையின் மிச்சம். என் கத்தரிக்கோல் வெட்டு எனக்குத் தெரியாதா?

"ஆரின்ர ஜாடி ஐயா?"

"குச்சவெளிச் சரக்கு தங்கச்சி. தம்பிராசா முதலாளி அனுப்பினது. நல்ல ருசி, பயப்பிடாம வாங்குங்கோ."

பயப்படாமல் ஒன்று வாங்கினேன். துணி அவிழ்க்காமல் என் வீட்டில் இருக்கிறது.

இந்த நகரத்தில் எனக்கு அடியும் விழவில்லை, மொட்டையும் இல்லை. அதற்குக் காரணம் நான் நல்லவள் என்பதல்ல. யாரும் பொறாமைப்பட என்னிடம் ஒன்றும் இல்லை என்பதுதான். இன்றைக்கு அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

தம்பிராசா முதலாளி, வருகிற வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் பானையோடு உம்முடைய ஊர்க் கோயில் முன்றலில் நிற்பேன். ராணிக்கும் சொல்லியனுப்பிச் சம்மதம் வாங்கிவிட்டேன்; அவளும் தலையை மூடாமல் நிற்பாள். ஊர் கேட்க நீர் பதில் சொல்லும். உள்ளே இருப்பது சூனியம் என்றால் அதை ஏன் நகரத்துச் சனத்துக்குச் சாப்பிட விற்றீர்? சாப்பாடு என்றால் அவளை ஏன் அடித்தீர்?