பலாப்பழத்துக்கு இடம் விட்ட சக்கரம்

எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்ற அந்தப் பெரிய சக்கரம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. புது டயர், கடை வாசம்கூடப் போகவில்லை. தலைமையாசிரியர் அதைத் தம் காடியின் (எங்கள் ஊரில் காருக்கு அதுதான் பேர்) பின்பெட்டியிலிருந்து இறக்கி, வெள்ளைச் சட்டையில் படாமல் உருட்டிவந்து எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். காடியில் அது கிடந்த இடத்தில் அம்மாவின் இரண்டு பலாப்பழங்கள் ஏறிக்கொண்டன. நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. பாடாங் செராய்க்குப் பக்கத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் தற்காலிக ஆசிரியை. பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதிலாகச் சில மாதங்களுக்கு என்று வந்தவள், ஆறாவது வருடமாக ஒன்றாம் வகுப்பைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தேன். வருடக் கடைசியில் வேலை முடிந்துவிடும். ஜனவரியில் மறுபடி கூப்பிடுவார்களா என்று டிசம்பர் முழுக்கத் தபால்காரர் வரும் வழியையே பார்த்திருப்பேன். பயிற்சிக் கல்லூரியில் இடம் கிடைத்தால்தான் இந்தப் பிழைப்புக்கு விடிவு. அதற்கான நேர்முகத் தேர்வு அன்று காலை அலோர் ஸ்டாரில். அடுத்த வருடம் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். அன்று விட்டால் விட்டதுதான்.

“பஸ்ஸை நம்பாதம்மா, நானே கொண்டுபோய் விடுறேன்” என்று தலைமையாசிரியர் தாமாகத்தான் சொன்னார். வயதுப் பெண்ணை ஓர் ஆணோடு தனியாக அனுப்ப எங்கள் தோட்டத்தில் யார் ஒப்புவார்கள்? அம்மா துணைக்கு வந்தார். அலோர் ஸ்டாரில் சின்னம்மா வீடு இருக்க, அம்மா வெறுங்கையோடு வருவாரா? மரத்திலேயே பெரியதாக இரண்டைப் பார்த்துப் பறித்து வைத்திருந்தார். தலைமையாசிரியரால் அம்மாவிடம் மறுத்துப் பேச முடியவில்லை.

நிதானம் என்பதையே அறியாத மனிதர் அவர். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மணியடிக்க ஆள் இருந்தும் தாமே ஓடிப்போய் அடிப்பார். காடியையும் அப்படித்தான் விரட்டுவார். புதிதாக வாங்கிய ஜப்பான் காடியில் அவருக்கு ஒரே ஒரு குறை, அதோடு வந்த ஸ்பேர் டயர். சைக்கிள் டயருக்கு அண்ணன் மாதிரி ஒல்லியாக இருந்த அதற்கு ‘நோஞ்சான்’ என்று பெயரே வைத்துவிட்டார். “அடுத்த டயர் கடை வரைக்கும்தான் ஓடுமாம். இதை எதுக்குலா சுமக்கணும்?” என்று பார்ப்பவரிடமெல்லாம் பொருமுவார். பிறகு முழு அளவில் ஒரு சக்கரம் வாங்கினார். பின்பெட்டிக் குழி ஒல்லிச் சக்கரத்துக்கு வெட்டியது, பெரியது அதில் இறங்கவில்லை. எனவே நோஞ்சான் குழியிலும், பெரியது அதன்மேல் இடத்தை அடைத்துக்கொண்டும் கிடந்தன. அவர் நோஞ்சானைத் திட்டும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றிருக்கும். நானும் இன்னொருவர் இடத்தில் மாட்டப்பட்டு ஓடிக்கொண்டிருந்தவள்தானே.

பீடோங்கைத் தாண்டியதும் முன்சக்கரம் வெடித்தது. டயரின் பக்கவாட்டே கிழிந்துவிட்டது, ஒட்டுப்போட வழியில்லை. அவர் இடுப்பில் கைவைத்து நின்றார்.

“திரும்பிப் போயி அந்தப் பெரிய சக்கரத்தை எடுத்துட்டு வந்துடலாமா?”

“போயிட்டு வந்தா அங்க கதவைச் சாத்திடுவாங்க சார்.”

அம்மா பலாப்பழங்களைப் புல்லில் இறக்கினார். நோஞ்சான் வெளியே வந்தது. மாட்டி முடித்ததும் தலைமையாசிரியர் அதன்மேல் ஒட்டியிருந்ததைக் குனிந்து படித்துவிட்டு, “இதுல வேகமா போகக்கூடாதும்மா” என்றார். சரி, மெதுவாகத்தான் போவார் என்று நினைத்தேன். அவ்வளவு மெதுவாகப் போவார் என்று நினைக்கவில்லை. எங்களைக் கடந்து காய்கறி லாரி போனது, மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு மலாய்க்காரர் போனார். பின்னிருக்கையிலிருந்து எனக்குத் தலைமையாசிரியரின் முதுகுதான் தெரிந்தது. எனக்குப் பொறுமை பிறவியிலேயே கிடையாது. காலடியில் பெடல் இருப்பதுபோல் மிதித்து மிதித்துக் கெண்டைக்கால் வலித்துவிட்டது.

“கெடைச்சா எப்பம்மா போவணும்?” என்று திடீரென்று கேட்டார்.

“ஜனவரியிலயே சார்.”

“ஓ” என்றார். காடி அதே வேகத்தில் ஊர்ந்தது. அவர் கையில் காடி இப்படி ஊர்ந்து நான் பார்த்ததே இல்லை. ஏதோ சரியில்லை என்று மனது அடித்துக்கொண்டது, என்னவென்று பிடிபடவில்லை. குருன் வந்தபோது எங்களை முந்திப் போன அலோர் ஸ்டார் பஸ் நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது.

“சார், நிறுத்துங்க.”

“ஐயா சங்கடப்படுவாருடி” என்று அம்மா என் முந்தானையைப் பிடித்தார். உதறிவிட்டு ஓடினேன். பஸ்ஸின் படியில் தொற்றி ஏறியபின் திரும்பிப் பார்த்தேன். காடி நிறுத்திய இடத்திலேயே நின்றது.

நான் உள்ளே நுழைந்தபோது என் பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முடியெல்லாம் கலைந்து, முகத்தில் பஸ் புழுதியோடு போய் உட்கார்ந்தேன். கேட்டதற்கெல்லாம் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னேன்.

தேர்வு முடிந்து வெளியே வந்தால், வாசல் மரத்தடியில் காடி. உள்ளே அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் கதவில் சாய்ந்து நின்றார். கால் ஆடவில்லை. தேர்வு எப்படி என்று கேட்பார் என நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அந்தச் சக்கரத்துல எம்பது வரைக்கும் போலாம்னு போட்டிருக்கும்மா. நான் நாப்பதுலதான் ஓட்டுனேன்.”

ரத்தம் தலைக்கேறியது. அந்தக் காடியையே உருட்டித் தள்ளலாம் போல இருந்தது.

“ஒண்ணாம் வகுப்புக்கு நான் யாரைப் போடுவேன், சொல்லு” என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எனக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.

எனக்கு இடம் கிடைத்தது. ஜனவரியில் அவருக்கு ஆள் கிடைக்கவில்லை. அந்த வருடம் ஒன்றாம் வகுப்பை அவரே எடுத்தார் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். பயிற்சி முடித்து, வேறு ஊர்ப் பள்ளிகளில் வேலை பார்த்து, நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இன்று நெடுஞ்சாலையில் குருன் பக்கம் போகும்போது யாராவது முன்னால் ஊர்ந்தால் போதும், அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த கோபம் அப்படியே வந்துவிடும். இளம்பெண் ஒருத்தியின் வாழ்க்கையை வழியிலேயே நிறுத்தப் பார்த்தவர். அதை லேசில் விடமுடியாது.

ஆனால் அவர் சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. எல்லாப் பழியையும் அந்த ஒல்லிச் சக்கரத்தின் மேல் போட்டிருக்கலாம், நானும் நம்பியிருப்பேன். சொல்லிவிட்டார். அதனால்தான் இத்தனை வருடமாக அவர்மேல் முழுசாகக் கோபப்படவும் முடியாமல், விட்டுத்தொலைக்கவும் முடியாமல் கிடக்கிறேன்.